ஏழு மணிச் சங்கும் ஒன்றரை முழ நாடாவும்

ஜூலை 2

இதைப் பின்னாளில் தோண்டி எடுத்துப் படிக்கப்போகும் சரித்திரப் பேராசிரியர்களுக்கு வணக்கம். ராஜபாளையத்தில் ஏழு குழாய் ரேடியோ, நாலு பெட்டி, ஓர் ஆம்ப்ளிபயர் என்னும் பெரும்படையை நாற்பத்தைந்து வருடமாகக் கட்டி ஆளும் ஸ்ரீ கணபதி சவுண்ட் சர்வீஸ் சக்கரவர்த்தி சீனியப்பனாகிய நான், நேற்று முன்தினம் ஒரு சடங்கு வீட்டில் இருநூறு அடித் தென்னையின் உச்சியில் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது சூறாவளியால் தாக்கப்பட்டுக் கீழே விழுந்து இடது காலை முறித்துக்கொண்டேன். வயது அறுபத்தெட்டு.

“ஸ்டூல்னு எழுதுங்க மாமா. மூணடி ஸ்டூல். காத்தே அடிக்கல” என்கிறாள் பொன்மாரி. என் அக்காள் மகள், ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை. நான் தனிக்கட்டை என்பதால் அவள் வீட்டு முன்னறையில் கிடக்கிறேன். என் புலம்பல் தன் காதில் விழாமல் இருக்க, சிமெண்டுக் கடை கொடுத்த இலவச டைரியை என் கையில் திணித்திருக்கிறாள். மாவுக்கட்டு ஆறு வாரம்.

ஜூலை 3

காலையில் இட்லி பதினெட்டு. (பொன்மாரி எட்டிப் பார்த்து ‘நாலு’ என்று திருத்துகிறாள். இனி இந்த டைரி தலையணைக்கு அடியில் இருக்கும்.)

மாலை இருளப்பன் வந்தான். பால்யச் சேக்காளி. மூடிப்போன நூற்பு மில்லில் இருபது வருடம் பாடுபட்டவன், இப்போது கல்யாண மண்டபத்து வாட்ச்மேன். என்னை அலாக்காகத் தூக்கிப் பின்கட்டில் உட்காரவைத்துக் குளிப்பாட்டிவிட்டான்.

“டே சீனி, நீ பேசுற பேச்சுக்கு நூறு கிலோ இருப்பேன்னு நெனச்சேன். பூனைக்குட்டி கணக்கா இருக்கியே.”

“எடையெல்லாம் வாயில இருக்குடா.”

தினமும் மண்டபத்துக்குப் போகும் வழியில் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறான்.

இவன் ஒரு காலத்தில் பாட்டுக் கட்டுவான். 1993இல் ஒரு கேசட் வந்தது. அதற்குப் பிறகு கட்டவில்லை. அதை விடுங்கள்.

ஜூலை 4

கட்டுக்குள் அரிக்கிறது. பின்னல் ஊசியை விட்டுச் சொறிந்தேன். உலகத்தின் சுகம் அத்தனையும் அந்த ஊசி முனையில்தான் இருக்கிறது.

ஜூலை 6

பொன்மாரி செல்போனில் ஒரு பாட்டைப் போட்டாள். “மாமா, நம்ம ஊரு மில்லுப் பாட்டாம். ரெண்டு லட்சம் பேரு கேட்டுருக்காங்க.”

ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். பக்கத்தில் ஒரு தாடிக்காரன் கிட்டாரைத் தூங்கவைப்பதுபோல் தட்டிக்கொண்டிருக்கிறான்.

ஏழு மணிச் சங்கே – நீ
இழுத்து ஊது சங்கே
உள்ள போறா ஒருத்தி – நான்
வெளிய வாறேன் சங்கே

மூச்சு விட்டுறாத – அவ
மொகத்தப் பாக்கும் மட்டும்
மூச்சு முட்டிப் போனா – எம்
மூச்சத் தாறேன் சங்கே

எழுந்து நின்றுவிட்டேன். ஒற்றைக் காலில். அது இருளப்பன் பாட்டு. ராத்திரி ஷிப்ட் முடித்து ஏழு மணிக்கு அவன் மில்லை விட்டு வெளியே வருவான். அதே ஏழு மணிக்குப் பகல் ஷிப்டுக்குக் குருவம்மாள் உள்ளே போவாள். கேட்டில் சங்கு அரை நிமிடம் ஊதும். ஒரு வருடம் அந்த இரண்டு பேருக்கும் வாய்த்த நேரமெல்லாம் அந்த அரை நிமிடம்தான். பிறகு கல்யாணம் ஆயிற்று. பாட்டு அதற்கும் பிறகு வந்தது.

பாட்டுக்குக் கீழே எழுத்து ஓடுகிறது: ‘நாட்டார் பாடல். எழுதியவர் பெயர் தெரியவில்லை.’

“தெரியவில்லையா! தினம் எனக்கு முதுகு தேய்க்கிறானே!” என்று நான் போட்ட கூச்சலில் தெருவில் நாலு வீட்டு நாய் குரைத்தது. (நாய் விஷயத்தில் மிகையில்லை.)

ஜூலை 7

இருளப்பனுக்குப் போட்டுக் காட்டினேன். சோப்புக் கையோடு கேட்டான். முடிந்ததும் செம்பில் தண்ணீர் மொண்டு என் தலையில் ஊற்றினான்.

“உன் பாட்டுடா!”

“அது தோத்த பாட்டு. கம்பெனிக்காரனே கேசட்டுல வேணாம்னு தள்ளுனது. தள்ளுனத எடுத்து யாரு பாடுனா நமக்கென்ன? கண்ண மூடு, நொரை போவுது.”

கண்ணை மூடிக்கொண்டேன்.

ஜூலை 9

படுத்துக்கிடப்பவனுக்குச் செல்போனே தேசாந்திரம். இரண்டு நாளில் இந்தப் பாட்டுக்கு இன்னும் மூன்று அவதாரம் கண்டுபிடித்தேன்.

முளைப்பாரிப் பெண்கள் இதைக் கும்மிக்கு இழுத்துவந்து, வேகத்தைக் கூட்டி, ஏக்கத்தையெல்லாம் உதறிவிட்டார்கள். சங்கு மூன்று சுற்றுச் சுற்றிக் குதிக்கிறது. கேட்டால் கட்டுப் போட்ட காலே தாளம் போடுகிறது.

மண்டபத்துக்கு வந்த பேண்டு செட் மாப்பிள்ளை அழைப்பில் வாசித்திருக்கிறது. டிரம்பெட்காரன் ‘சங்கே’ என்ற இடத்தில் ஒரே மூச்சில் இழுக்கிறான், இழுக்கிறான், கழுத்து நரம்பு தாம்புக்கயிறாகப் புடைக்கும்வரை இழுக்கிறான். கல்யாண வீட்டார் கைதட்டுகிறார்கள். படத்தின் ஓரத்தில், கார்களுக்கு வழி ஒதுக்கிக்கொண்டு, விசிலும் கையுமாக இருளப்பன் நிற்கிறான். தன் பாட்டை அவன் அங்கே கேட்பது இது எத்தனையாவது தடவையோ. ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மூன்றாவது, சவூதியில் தம்மாமில் ஏதோ தொழிலாளர் கேம்ப். ஒருவன் சோற்றுத் தட்டில் தாளம் தட்டிப் பாடுகிறான். சங்கை எடுத்துவிட்டுக் ‘கம்பெனி பஸ்ஸே’ என்று போட்டிருக்கிறான். அண்ணனும் தம்பியுமாம். ஒரே கட்டிலில் அண்ணன் பகலில் தூங்குவான், தம்பி ராத்திரி தூங்குவான். பார்த்துக்கொள்வது பஸ் மாறும் இடத்தில் மட்டும். ‘உள்ள போறான் ஒருத்தன், நான் வெளிய வாறேன் பஸ்ஸே.’

அதை ஏழு தடவை கேட்டேன். எழுநூறு என்று எழுத வந்தது. ஏழுதான்.

ஜூலை 11

வெளிவராத பாட்டு ஊரெல்லாம் எப்படிப் பரவியது? விடை இன்று மீன்குழம்போடு வந்தது.

குருவம்மாள் தூக்குச்சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தாள். “நாந்தாண்ணே. வீட்டுல பாடுனா அவரு எந்திரிச்சுப் போயிருவாரு. அதான் மில்லுல ஸ்பிண்டில் ஓட்டத்துல பாடுவேன். பக்கத்து மெசின் புள்ளைங்க புடிச்சுக்கிட்டாளுக. மில்ல மூடுனதும் ஆளுக்கொரு ஊருக்குப் போனாளுக. பாட்டும் கூடப் போயிருச்சு போல.”

“அவன்கிட்ட சொன்னியா?”

“சொன்னா? தள்ளுன பாட்ட ஊரெல்லாம் வெதைச்சியான்னு சண்டைக்கு வருவாரு. நீங்களும் சொல்லிராதீக.”

ரகசியம் காப்பதில் எனக்கு நிகர் மூவுலகிலும் இல்லை என்றேன்.

ஜூலை 14

பொன்மாரி அந்தப் பாடகியைத் தேடிப் பிடித்துப் போனில் கொண்டுவந்துவிட்டாள். சுகந்தி என்று பெயர். அவள் அம்மா நம் ஊர் மில்லில் நூல் முடிச்சுப் போட்டவளாம். மரியாதையான பெண்.

“ஐயா, இதுவரைக்கும் ஆறு பேரு இது என் பாட்டுன்னு போன் பண்ணிட்டாங்க. ஒருத்தர் அவங்க முப்பாட்டன் எழுதினதுன்னாரு. அவரு காலத்துல அந்த ஊர்ல மில்லே கிடையாது. வர்ற முப்பதாம் தேதி ஆல்பம் வெளியிடுறோம். பழைய பதிவு ஏதாவது இருந்தா அவர் பேரைப் போட்டுருவோம். இல்லன்னா ‘தெரியவில்லை’ன்னுதான் போடணும்.”

“என்னிடம் ஒரிஜினல் டேப்பே இருக்கிறது அம்மா! மதுரை ஸ்டூடியோவில் ஒத்திகையின்போது பிடித்தது!” என்று மேடைத் தமிழில் முழங்கினேன்.

போனை வைத்த பிறகு கால் வலித்தது. டேப் எங்கே இருக்கிறதோ. முப்பத்தோரு வருடம் ஆயிற்றே. கறையான் தின்றிருக்கும்.

ஜூலை 15

கறையான் தின்னவில்லை. பொன்மாரி என் வீட்டுத் தகரப்பெட்டியில் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டாள். டேப்ரிக்கார்டரையும் கொண்டுவந்துவிட்டாள். இவ்வளவு சாமர்த்தியம் பெண்களுக்கு ஆகாது.

ஜூலை 16

பொன்மாரி வேலைக்குப் போனதும் டேப்பைக் கேட்டேன்.

மற்ற பாட்டெல்லாம் இதன் நிழல். அந்தப் பெண் அழகாகப் பாடுகிறாள், ஆனால் அவளுக்குச் சங்கு முடியப்போவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. டிரம்பெட்காரனுக்கு முடிக்கவே மனமில்லை. இருளப்பன் குரலில் அவசரம் இருக்கிறது. ஒவ்வொரு அடியும் அடுத்த அடியின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது. அரை நிமிடத்துக்குள் ஓர் ஆயுசைச் சொல்லவேண்டியவன் வேறெப்படிப் பாடுவான்?

வேறு யாரும் பாடாத மூன்றாவது கண்ணி ஒன்று இதில் இருக்கிறது. நான் மறந்தே போயிருந்தேன்.

பறந்து வந்த பஞ்சு – எம்
பரட்டத் தல மேல
நரைச்சவன்னு நெனச்சாலும் – அவ
நிக்கணுமே சங்கே

பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு டேப்பில் ஒன்றும் இல்லை.

ஜூலை 18

பிள்ளையார் பாட்டைப் பற்றிச் சில வார்த்தை.

மைக் செட் தர்மத்தில் முதல் விதி, ஊசி வைத்ததும் பிள்ளையார் பாட்டுத்தான் ஒலிக்கவேண்டும். கல்யாணமானாலும் கருமாதியானாலும் கட்சிக் கூட்டமானாலும் சரி. முறம்பு கிராமத்தில் ஒருத்தன் நேரடியாகக் காதல் பாட்டைப் போட்டான். ஆம்ப்ளிபயர் வெடித்துப் பந்தல் பற்றி, மாப்பிள்ளையின் மீசை கருகி, பெண் வேறொருத்தனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆகவே பிள்ளையார் பாட்டு இல்லாமல் ஒரு கேசட் வெளிவருவது தெய்வக்குற்றம். நாற்பது நிமிடக் கேசட்டில் இருளப்பன் பாட்டு ஒன்பதே நிறைந்துவிட்டதால், ஒன்றை எடுத்தால்தான் பிள்ளையாருக்கு இடம். இதில் யார் மேலும் குற்றம் இல்லை.

அந்தப் பிள்ளையார் பாட்டைப் பாடியவர் யாரோ ஒரு மகா வித்வான். பெயர் நினைவில்லை.

ஜூலை 20

டேப்பைச் சுத்தம் செய்தேன். சவரப் பிளேடு தேவைப்பட்டது. பொன்மாரி ஏன் என்றாள். தாடி என்றேன்.

“செரைச்ச மாதிரியே தெரியலையே மாமா?”

ஜூலை 21

இருளப்பன் முதுகு தேய்த்தான். தழும்பைப் பார்த்து, “இது அய்யனார் கோயில் திருவிழாவுல ஷாக் அடிச்சு விழுந்ததுல்லா? உன்னத் தோள்ல போட்டு மூணு மைல் ஓடுனேன்” என்றான்.

எனக்குத் தூக்கம் வருகிறது.

ஜூலை 22

குருவம்மாள் வந்தாள். டேப்பில் மூன்றாவது கண்ணி இருக்கிறது என்றேன். கழுத்துவரை சிவந்துவிட்டாள், அறுபது வயதில்.

“பஞ்சு வரியா? அத நான் யாருக்கும் சொல்லித் தரலண்ணே. அது எனக்குன்னு வச்சிருந்தேன்.” கொஞ்ச நேரம் தூக்குச்சட்டி மூடியைத் திருகித் திருகித் திறந்தாள். “அந்தக் கம்பெனிக்காரன் நல்லாருக்கட்டும். ஆனா என்ன கொறன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். இன்னிக்கும் சாப்புடுற நேரத்துல, ‘ரெண்டாவது அடி நொண்டுதோ, சங்குன்னு போட்டது புடிக்கலையோ’ன்னு கேப்பாரு. முப்பத்தோரு வருசமா அதே கேள்விண்ணே. அந்தக் கொறைய கண்டுபுடிச்சிட்டு அடுத்த பாட்டு எழுதுறேன்னு நோட்ட மூடுனவரு.”

மீன் இன்று நன்றாக இல்லை. முள் அதிகம்.

ஜூலை 23

தென்னை இல்லை. ஸ்டூல். மூன்றடி.

முறம்பில் ஆம்ப்ளிபயர் வெடிக்கவில்லை. அப்படி ஒரு கல்யாணமே நடக்கவில்லை.

பிள்ளையார் பாட்டைப் பாடிய மகா வித்வான் நான்தான். அவன் பாட்டுக் கட்டுகிறான், அவன் குரலுக்கு ஸ்டூடியோக்காரர் தலையாட்டுகிறார், நான் மைக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு மூலையில் நிற்கிறேன். ஊருக்கெல்லாம் குரல் கொடுக்கிற பெட்டி என்னுடையது, என் குரல் ஒரு கேசட்டிலும் இல்லை. பிள்ளையார் எனக்கு நல்ல சாக்காக வந்து வாய்த்தார். இருளப்பன் டீ குடிக்க வெளியே போயிருந்தான். எடுக்கவேண்டியது ஒன்று என்றபோது, இருந்ததில் எது சிறந்ததோ அதைக் காட்டினேன். அதுதான் சிறந்தது என்று எனக்கு அப்போதே தெரியும்.

ஒத்திகை டேப் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் என் பேச்சும் அதில் விழுந்துவிட்டது. அந்தத் துண்டைத்தான் இருபதாம் தேதி பிளேடால் வெட்டி எடுத்தேன். மாத்திரை டப்பாவில் சுருட்டிவைத்திருந்ததை இன்று கையால் அளந்து பார்த்தேன். ஒன்றரை முழம். முப்பத்தோரு வருடத்தின் நீளம் அவ்வளவுதான்.

பாட்டை மட்டும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பலாம். இருளப்பன் பேர் வந்துவிடும். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. அவனுக்குப் பேர் கிடைக்கும். ‘என்ன குறை’ என்பதற்கு மட்டும் சாகும்வரை பதில் கிடைக்காது.

மத்தியானம் முழுக்க உட்கார்ந்து செல்லோடேப்பால் ஒட்டினேன். ஒட்டுப்போட்ட இடத்தில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அதைத் தவிர்க்க முடியாது.

ஜூலை 25

இருவரையும் வரச்சொன்னேன். பொன்மாரி டீ போட்டாள். டேப்பைப் போட்டேன்.

தன் முப்பத்தைந்து வயதுக் குரல் கேட்டதும் இருளப்பன் குறும்பாகச் சிரித்தான். “எவண்டா இவன், பஸ்ஸப் புடிக்க ஓடுறவன் கணக்கா?” பஞ்சு வரி வந்தபோது நிமிர்ந்து குருவம்மாளைப் பார்த்தான். அவள் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

‘டக்.’

பிறகு நான். என் குரல். எவ்வளவு இளமை.

“அண்ணாச்சி, இதத் தூக்கிருங்க. பிள்ளையார் பாட்டு இல்லாம கேசட்டு எறங்கக்கூடாது. நானே பாடிர்றேன். அவன்ட்ட கம்பெனிக்காரங்க வேணாம்னுட்டாங்கன்னு சொல்லிக்கிடலாம். நம்புவான்.”

அதற்குப் பிறகு இரைச்சல் மட்டும். யாரும் நிறுத்தவில்லை. கடைசியில் நான்தான் நிறுத்தினேன்.

“நேரந்தான் பத்தலையா?” என்றான் இருளப்பன்.

“நேரந்தான்.”

“எவ்வளவு?”

“நாலு நிமிசம்.”

“பாட்டுல கொற ஒண்ணும் இல்ல?”

“இல்லடா. ஒண்ணுமே இல்ல.”

டீயைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கவிழ்த்துவைத்தான். துண்டை உதறித் தோளில் போட்டான்.

“அந்தப் புள்ளைக்கு அனுப்பிரு” என்றான், பொன்மாரியிடம்.

குருவம்மாள் அவன் பின்னால் போனாள். வாசலில் திரும்பி, என்னை அண்ணே என்று கூப்பிடாமல், “தூக்குச்சட்டிய நாளைக்கி வாங்கிக்கிடுறேன்” என்றாள்.

ஜூலை 26

இருவரும் வரவில்லை. சட்டியை வாங்கிப்போக வேறு யாரோ வந்தார்கள்.

ஜூலை 27

நானே குளித்தேன். அதே மூன்றடி ஸ்டூலில் உட்கார்ந்து. முதுகு எட்டவில்லை.

ஜூலை 29

இட்லி இரண்டு. பொன்மாரி டைரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுத் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள், ஏதோ நான் அவளுக்குப் பிறந்தவன்போல.

ஜூலை 31

பாட்டு வெளியாகிவிட்டது. சுகந்தி மூன்றாவது கண்ணியைச் சேர்த்துப் பாடியிருக்கிறாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. சங்கு எப்போது முடியும் என்று அவளுக்கும் தெரியவில்லை. கிட்டார்க்காரனும் விழித்துக்கொண்டான்.

கீழே: ‘பாடல்: இருளப்பன், ராஜபாளையம்.’ வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. சொல்லவேண்டியவன் ஒருத்தன்தான்.

ஆகஸ்ட் 6

அரிப்பு. ஊசியைக் காணவில்லை.

ஆகஸ்ட் 13

நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். பொன்மாரிக்கு விடுப்பு கிடைக்கவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறாளாம். தனியாகப் போய்க்கொள்வேன். சிங்கம் தனியாகத்தான் போகும்.

ஆகஸ்ட் 14

ஆட்டோவுக்குள் இருளப்பன் உட்கார்ந்திருந்தான்.

இறங்கினான். பழையபடி அலாக்காகத் தூக்கி உள்ளே வைத்தான். வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். நானும் என் பக்கத்து வெளியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாவுக்கட்டை வெட்டும் கருவியைப் பார்த்தேன். தட்டு வடிவத்தில் ஒரு ரம்பம், கரண்டில் ஓடுவது. கம்பவுண்டர் அழுத்தியதும் அது ஊளையிட்டது. நீளமாக, ஒரே சுதியில், சங்குபோல. உண்மையைச் சொல்லிப் பழகிவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: எனக்குப் பயமாக இருந்தது. கையை நீட்டித் துழாவினேன். கட்டில் கம்பி என்று நினைத்துப் பிடித்தது கம்பி இல்லை. இருளப்பன் கை. அதுவும் திரும்பி என் கையை இறுக்கிப் பிடித்தது. ரம்பம் ஓடுகிற மட்டும் பிடித்திருந்தது.

ரம்பம் நின்றது. கை போய்விட்டது.

அறை முழுக்க வெள்ளைத் தூசி. என் மீசையில், சட்டையில், அவன் தலையில். அவன் தலையில் எது தூசி, எது நரை என்று எனக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. துண்டால் தட்டப் போனேன். ஒதுங்கிக்கொண்டான்.

திரும்பும்போது, தெருமுனையில், ஆட்டோச் சத்தத்துக்கு மேல் கத்தினான்: “அந்தப் பிள்ளையார் பாட்டு.”

“என்னடா?”

“சுதியே சேரல. கேசட்டு அட்டையிலயும் பேரு போடல. முப்பத்தோரு வருசமா எவன் பாடுனதுன்னு யோசிச்சேன். மண்டபத்துல தெனம் காலைல போடுறானுக. காதுல பஞ்ச வச்சுக்கிட்டு நிப்பேன்.”

“முதல்லயே சொல்லிருக்கலாமேடா.”

“நீ சொன்னியா?”

வீடு வந்துவிட்டது. இறக்கிவிட்டான். கால் சூம்பிப்போய்க் கொக்குக்கால்போல் இருந்தது. அதைப் பார்த்து அவன் சிரிக்கவில்லை. சிரிக்க நினைத்ததை நான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 20

குருவம்மாள் தூக்குச்சட்டியில் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். முள் எடுத்த மீன்.

ஆகஸ்ட் 29

மண்டபத்தில் கல்யாணம். விழுந்த பிறகு முதல் வேலை. குழாயை வேறொருத்தன் மேலே கட்டினான், நான் கீழே நின்று அதிகாரம் செய்தேன். காலை ஏழு மணி. இருளப்பன் கேட்டில் நின்றான், விசிலோடு. காதில் பஞ்சு வைத்திருந்தான்.

முதல் பாட்டாக ஏழு மணிச் சங்கைப் போட்டேன். அவன் பஞ்சை எடுத்தான்.

ஆம்ப்ளிபயர் வெடிக்கவில்லை.